கொள்ளையில் தொடங்கிப் பணயக்கைதிகளில் சிக்கும் படம் பாதியிலேயே படுத்துவிடுவது ஏன்?

கேள்வி: இரவுக்காட்சி

அண்மையில் ஒரு குற்றப் படம் பார்த்தேன், ஏமாற்றமாக இருந்தது. படம் ஏமாற்றுவது புதிதல்ல என்றாலும், அது எந்த இடத்தில் கைவிட்டது என்று யோசிக்க யோசிக்க ஒரு சந்தேகம் வலுத்துக்கொண்டே போவதால் இங்கே கேட்கிறேன். பெயரைச் சொன்னால் பேச்சு முழுவதும் அந்தக் கதாநாயகரைப் பற்றியதாகிவிடும். ஆகவே பெயர் வேண்டாம். கதையைச் சொன்னாலே போதும், இந்த வகையில் வரும் படங்களில் பாதிக்கு ஏறக்குறைய இதுதான் கதை.

ஒரு வங்கிக் கிளையில் வேலை நேரம் முடியும் தறுவாயில் மூன்று பேர் நுழைகிறார்கள். சில நிமிடங்களில் காரியத்தை முடித்துக்கொண்டு வெளியேறுவதுதான் திட்டம். ஆனால் பெட்டகம் நேரப் பூட்டில் இருக்கிறது. குறித்த நேரம் வராமல் மேலாளரே நினைத்தாலும் அதைத் திறக்க முடியாது. அதற்குள் போலீசுக்குத் தகவல் போய்விடுகிறது, வாசலில் வண்டிகள் வந்து நிற்கின்றன, உள்ளே இருக்கும் ஊழியர்களும் வாடிக்கையாளர்களும் பணயக்கைதிகளாகிறார்கள்.

இதுவரை படம் நன்றாகவே போகிறது. குறிப்பாக ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். காசாளராக இருக்கும் பெண்ணின் மேசைக்கு அடியில், கால் எட்டும் தூரத்தில், எச்சரிக்கைப் பொத்தான் இருக்கிறது. கொள்ளையரில் இளையவன் அவளுக்கு எதிரே நின்று பையை நீட்டுகிறான். கேமரா மேசைக்குக் கீழே இறங்குகிறது. செருப்பு தரையில் உரசும் சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று அவள் அதை மெல்லக் கழற்றிவிட்டு, வெறுங்காலின் பெருவிரலால் பொத்தானைத் தேடுகிறாள்; மேலே அவளுடைய கைகள் நோட்டுக் கட்டுகளை நடுங்காமல் எடுத்து அடுக்கிக்கொண்டிருக்கின்றன. வசனமும் இல்லை, பின்னணி இசையும் இல்லை. இப்படி ஒரு காட்சியை எடுக்கத் தெரிந்த இயக்குநர் மீதிப் படத்தையும் காப்பாற்றிவிடுவார் என்றே நம்பினேன்.

ஆனால் முற்றுகை தொடங்கியதும் படம் தொய்ந்துவிடுகிறது. தொலைபேசியில் ஒரு போலீஸ் அதிகாரி சவால் விடுகிறார். கொள்ளையர் தலைவன் பதிலுக்குச் சவால் விடுகிறான். திரையின் மூலையில் கெடு நேரம் எண்களாக ஓடுகிறது. நடுநடுவே தலைவனின் கடந்த காலம் நீளநீளமாக வருகிறது; அந்த வங்கியின் முதலாளியால் அவன் குடும்பம் அழிந்த கதை. கடைசியில் பணயக்கைதிகளில் ஒருவரே கூட்டாளி என்று ஒரு திருப்பம். திரையில் ஆபத்து கூடக் கூட எனக்கு அக்கறை குறைந்துகொண்டே போனதுதான் விந்தை.

என் கேள்வி இதுதான். இது இந்த ஒரு திரைக்கதையின் குறையா, அல்லது கொள்ளைக் கதை பணயக் கதையாக மாறும் அமைப்பிலேயே ஏதாவது சிக்கல் இருக்கிறதா? இதே அமைப்பை வைத்துக்கொண்டு நன்றாக வந்த படங்கள் இருக்கின்றன என்பது தெரியும். அவை எதைச் சரியாகச் செய்தன?

பதில்: வெட்டும்ஒட்டும்

அமைப்பில் சிக்கல் இருக்கிறது என்றுதான் சொல்வேன், ஆனால் தீர்க்க முடியாத சிக்கல் அல்ல. கொள்ளைக் கதை என்பது திட்டத்தின் கதை. யார் எங்கே நிற்பார்கள், எந்தக் கதவு எப்போது திறக்கும், எத்தனை நிமிடம் கிடைக்கும் என்பதையெல்லாம் முன்கூட்டியே கணக்குப் போட்டவர்களை நாம் பின்தொடர்கிறோம். அவர்களுடைய சாமர்த்தியம்தான் அங்கே சுவை. பணயக் கதையோ திட்டம் தீர்ந்துபோனவர்களின் கதை. போலீஸ் வாசலுக்கு வந்துவிட்ட அந்தக் கணத்திலிருந்து சாமர்த்தியத்துக்கு வேலை குறைந்து, பயத்துக்கும் களைப்புக்கும் பேச்சுக்கும் வேலை கூடுகிறது. பார்ப்பவரின் மனதில் இருக்கும் கேள்வியே மாறிவிடுகிறது. ‘பணம் கிடைக்குமா?’ என்று இருந்தது, ‘இவர்கள் எல்லோரும் உயிரோடு வெளியே வருவார்களா?’ என்று ஆகிறது.

பெரும்பாலான திரைக்கதைகள் இந்த மாற்றத்தை ஒப்புக்கொள்வதில்லை. தலைவன் அறிவாளி என்று முதலில் நிறுவிவிட்டதால், மாட்டிக்கொண்ட பிறகும் அவன் அறிவாளியாகவே இருந்தாக வேண்டும் என்று நினைக்கிறார்கள். ‘இதுவும் என் திட்டத்தில் இருந்ததுதான்’ என்று அவன் ஒருமுறை சிரித்துவிட்டால் போதும், அதன் பிறகு நாம் அவனுக்காக எதற்குக் கவலைப்பட வேண்டும்? போலீஸ் எதைச் செய்தாலும் அது அவன் எதிர்பார்த்ததாகவே இருக்கும். நீங்கள் சொன்ன படத்தை நானும் பார்த்தேன் என்றே நினைக்கிறேன். அந்தச் சிரிப்பு வருவது முற்றுகை தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே, அதிலும் முகத்துக்கு மிக அருகில் வைத்த ஷாட்டில்.

நன்றாக வந்த படம் என்றால் சிட்னி லூமெட் 1975இல் எடுத்த ‘டாக் டே ஆஃப்டர்நூன்’ படத்தைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. 1972 ஆகஸ்ட் 22 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு வங்கிக் கிளையில் நடந்த உண்மையான கொள்ளை முயற்சிதான் அதற்கு அடிப்படை. அதில் திட்டம் முதல் சில நிமிடங்களிலேயே நொறுங்கிவிடுகிறது. மூன்றாவது ஆள் பயந்துபோய்த் தொடக்கத்திலேயே கிளம்பிவிடுகிறான். பெட்டகத்தில் இருந்த பணத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே எடுத்துச் செல்லப்பட்டிருக்கிறது. கொள்ளைக் கதையாக எதிர்பார்த்து உட்கார்ந்தவருக்கு, இது வேறு கதை என்பதைப் படம் தயங்காமல் சொல்லிவிடுகிறது. கொள்ளையனாக வரும் அல் பசினோவின் பாத்திரத்துக்கு அடுத்த அடி என்ன என்பது அவனுக்கே தெரியாது, நமக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் படத்தை இழுத்துக்கொண்டு போகிறது.

இன்னொன்று, தொடக்கத்தில் வரும் பாட்டை விட்டால் அந்தப் படத்துக்குப் பின்னணி இசையே கிடையாது. வெக்கை, மின்விசிறி, வாசலில் கூடியிருக்கும் கூட்டத்தின் இரைச்சல், தொலைபேசி மணி, அவ்வளவுதான். உங்கள் படத்தில் அந்தக் காசாளர் காட்சி மட்டும் ஏன் உறைத்தது என்று யோசித்துப் பாருங்கள். இசையமைப்பாளர் கையைக் கட்டிக்கொண்டிருந்த ஒரே இடம் அதுதான். முற்றுகை தொடங்கியதிலிருந்து முரசு ஓயவே இல்லை. எல்லா நிமிடமும் உச்சம் என்று இசை சொல்லிக்கொண்டே இருந்தால், உண்மையான உச்சம் வரும்போது அதற்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சுவதில்லை.

பதில்: கெடுநேரம்

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது: போலீஸ் தரப்பு. பணயப் பேச்சுவார்த்தை எப்படி நடக்கிறது என்பது பற்றிய நூல்களில் எனக்கு நெடுநாள் ஈடுபாடு உண்டு. அந்தக் கண்ணோடு பார்த்தால் இத்தகைய படங்கள் கைநழுவ விடும் நாடகம் கொஞ்சநஞ்சமல்ல.

பேச்சுவார்த்தை ஒரு தனிப் போலீஸ் பணியாக உருவானது 1970களின் தொடக்கத்தில்தான். 1972 மியூனிக் ஒலிம்பிக்கின்போது இஸ்ரேல் அணியினர் பணயமாகப் பிடிக்கப்பட்டு, மீட்பு முயற்சி படுதோல்வியில் முடிந்தது. அதன் பின் பல நாட்டுக் காவல்துறைகளும் தங்கள் முறைகளை மறுபரிசீலனை செய்தன. நியூயார்க் காவல்துறையில் துப்பறிவாளராகவும் உளவியலில் முனைவராகவும் இருந்த ஹார்வி ஷ்லாஸ்பெர்க், அவரோடு ஃபிராங்க் போல்ஸ், இருவரும் சேர்ந்து 1973இல் ஒரு தனிக் குழுவையே அமைத்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில் புரூக்ளினில் ஒரு விளையாட்டுப் பொருள் கடையில் 47 மணி நேரம் நீடித்த முற்றுகை, பொறுமையாகக் காத்திருப்பதன் பயனைக் காட்டியிருந்தது. சுற்றி வளை, வெளியேற விடாதே, பேசிக்கொண்டே இரு, நேரத்தைக் கடத்து என்பதுதான் அவர்களுடைய முறையின் சாரம். முதல் சில நிமிடங்கள் எல்லோருக்கும் மிக ஆபத்தானவை. நேரம் போகப் போகக் கொதிப்பு அடங்கும், பசி எடுக்கும், தூக்கம் வரும், முடியாத கோரிக்கைகள் தாமாகவே சுருங்கும்.

இதில் ஒரு விதி, திரைக்கதை ஆசிரியர்களுக்குக் கிடைத்த வரம் என்றே சொல்வேன்: பேசுபவர் முடிவெடுக்கக் கூடாது, முடிவெடுப்பவர் பேசக் கூடாது. தொலைபேசியில் இருக்கும் அதிகாரிக்கு எதையும் கொடுக்கும் அதிகாரம் கிடையாது. ‘மேலே கேட்டுச் சொல்கிறேன்’ என்று அவர் சொல்லும்போது அது பொய் அல்ல. அதுவே அவருக்கு நேரத்தையும் வாங்கித் தருகிறது. இதனால் இயல்பாகவே மூன்று முனைகள் உருவாகின்றன: உள்ளே ஆயுதத்தோடு இருப்பவன், அவனோடு பேசி நம்பிக்கையைச் சம்பாதிப்பவர், அதே நேரத்தில் பின்பக்கச் சுவரை உடைக்க அதிரடிப் படைக்கு அனுமதி கொடுக்கலாமா என்று யோசிக்கும் தலைமை அதிகாரி. பேசுபவர் உண்மையாகவே நம்ப வைக்கிறார். அந்த நம்பிக்கையை அவருடைய தரப்பே எந்த நேரமும் முறித்துவிடலாம் என்பதும் அவருக்குத் தெரியும். இதைவிட இக்கட்டான பாத்திரம் வேறு என்ன வேண்டும்?

நீங்கள் சொல்லும் படத்தில் என்ன நடக்கிறது? பேசுபவர், கட்டளையிடுபவர், குண்டு துளைக்காத சட்டை மாட்டிக்கொண்டு உள்ளே பாய்பவர், மூவருமே ஒரே ஆள். போதாததற்கு, பணயக்கைதிகளுக்குப் பதிலாகத் தன்னையே எடுத்துக்கொள் என்று நிராயுதபாணியாக உள்ளே வேறு போகிறார். ஆளை மாற்றிக்கொள்வதை இந்தத் துறையில் பயிற்சி பெற்றவர்கள் தவிர்ப்பார்கள். வெளியே இருந்து பேச வேண்டியவர் உள்ளே போய்விட்டால் வெளியே பேச ஆள் எங்கே?

கெடு விஷயமும் அப்படித்தான். ‘ஆறு மணிக்குள் கார் வராவிட்டால் ஒருவரைச் சுடுவேன்’ என்று மிரட்டல் வந்தால், அனுபவமுள்ளவர் ஐந்தே முக்காலிலிருந்தே வேறு எதையாவது பேசத் தொடங்குவார். காருக்கு எந்த வழியாக வர வேண்டும், டாங்கியில் எவ்வளவு பெட்ரோல் வேண்டும், எத்தனை கதவு உள்ள வண்டி வேண்டும் என்று கேள்விக்கு மேல் கேள்வியாகக் கேட்டு, கெடு தாண்டிப்போனதே தெரியாமல் பேச்சை இழுத்துக்கொண்டு போவார். ஆறு மணி கடந்து நாலு நிமிடம் ஆகியும் இருவரும் பெட்ரோலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். அறையில் இருக்கும் எல்லோருடைய கண்ணும் சுவர்க் கடிகாரத்தில். அவன் மட்டும் அதைப் பார்க்கவில்லை. இதைத் திரைமூலையில் எண்களை ஓடவிட்டுத் தொலைத்துவிட்டார்கள்.

சாப்பாடு அனுப்புவதில்கூடக் கதை உண்டு. ஒன்றைக் கொடுத்தால் ஒன்றை வாங்காமல் விடக் கூடாது. சாப்பாடு உள்ளே போகிறது என்றால் ஓர் ஆளாவது வெளியே வர வேண்டும். ஆளுக்கொரு பொட்டலமாக அனுப்புவதைவிட எல்லோரும் சேர்ந்து பிரித்துப் பங்கிட வேண்டிய விதத்தில் அனுப்புவது மேல் என்பார்கள். பிடித்தவனும் பிடிபட்டவனும் ஒரே தட்டில் கைவைத்துவிட்டால், பிறகு துப்பாக்கியை நீட்டுவது கொஞ்சம் கடினமாகிறது.

இரவுக்காட்சி:

மிக்க நன்றி. ஆனால் ஒரு தயக்கம். நடைமுறை சரியாக இருந்தால் படம் நன்றாகிவிடுமா? எல்லாவற்றையும் முறைப்படி காட்டிவிட்டுத் தூக்கம் வரவழைத்த படங்களையும் பார்த்திருக்கிறேன். அந்த அதிகாரி விதிகளை மீறினார் என்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை; மீறியதால் யாருக்கும் எந்த இழப்பும் நேரவில்லை என்பதுதான் குறையாகத் தெரிந்தது.

பதில்: மூன்றாம்வரிசை

இழப்பு நேர வேண்டியவர்கள் படத்தில் இல்லை. அதுதான் காரணம் என்பேன். மேலே இரண்டு பதில்களும் கொள்ளையனைப் பற்றியும் போலீசைப் பற்றியும் பேசுகின்றன. பணயக்கைதிகளைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை, அந்தப் படத்தைப் போலவே.

அந்தக் காசாளரையே எடுத்துக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்தியவள் அவள். மூவரும் மாட்டிக்கொள்ளக் காரணமும் அவள்தான், மற்றப் பணயக்கைதிகள் அத்தனை பேரும் வீடு போக முடியாமல் உட்கார்ந்திருக்கக் காரணமும் அவள்தான். ‘யார் அழுத்தியது?’ என்று அந்த இளையவன் ஒரே ஒருமுறை கேட்டிருந்தால் போதும், முற்றுகை முழுவதுக்குமான நெருப்பு பற்றியிருக்கும். பக்கத்து மேசைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம். மேலாளர் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அவளைக் காட்டிக்கொடுக்கலாம். கழற்றிய செருப்பு மேசைக்கு அடியிலேயே கிடக்கிறது; அவளோ வெறுங்காலோடு மற்றவர்களுடன் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாள். இதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு, படம் அவளைக் கூட்டத்தோடு கூட்டமாக்கிவிட்டு, நாம் பார்த்தே இராத ஒரு குடும்பத்தின் பழைய கதைக்குப் போய்விடுகிறது. மற்றவர்கள் யார்? ஒரு கர்ப்பிணி, ஒரு மூச்சிரைப்பு நோயாளி, ஒரு குழந்தை. இவர்கள் மனிதர்களாக எழுதப்படவில்லை. நம் இரக்கத்தைக் கறப்பதற்காக உட்கார வைக்கப்பட்டவர்கள்.

உண்மையில் பணயக்கைதிகள் எவ்வளவு சிக்கலானவர்கள் என்பதற்கு 1973 ஆகஸ்டில் சுவீடனின் ஸ்டாக்ஹோமில் நடந்ததே சாட்சி. சிறையிலிருந்து விடுப்பில் வந்து திரும்பாமல் போன ஜான் எரிக் ஓல்சன், நார்மால்ம் சதுக்கத்தில் உள்ள ஒரு வங்கிக்குள் 23ஆம் தேதி துப்பாக்கியோடு நுழைந்தான். முப்பது லட்சம் குரோனரும் ஒரு காரும் கேட்டதோடு, சிறையில் இருந்த கிளார்க் ஓலாஃப்சனை அங்கே கொண்டுவர வேண்டும் என்றான். ஓலாஃப்சன் வந்தான், காரும் வந்தது, ஆனால் பணயக்கைதிகளை ஏற்றிக்கொண்டு போக அரசு சம்மதிக்கவில்லை. நான்கு ஊழியர்கள் பெட்டக அறைக்குள் அவர்களோடு 28ஆம் தேதி வரை அடைபட்டிருந்தார்கள்.

அந்த நாட்களைப் பற்றிப் பின்னர் அவர்கள் சொன்னவை எந்தத் திரைக்கதை ஆசிரியரையும் வெட்கப்பட வைக்கும். மூடிய அறையில் மூச்சு முட்டுகிறது என்று தவித்த ஒரு பெண்ணின் கழுத்தில் ஓல்சன் கயிற்றைக் கட்டி, அதன் நுனியைத் தன் கையில் பிடித்துக்கொண்டு, பெட்டக அறைக்கு வெளியே கொஞ்சம் தூரம் நடந்துவர விட்டான். அது அவருக்குக் கருணையாகத் தெரிந்ததாம். போலீசை மிரட்டுவதற்காக உன்னைச் சுடப்போகிறேன், ஆனால் காலில் மட்டும்தான் என்று அவன் சொன்னபோது, ‘காலில் மட்டும்தானா, நல்ல மனிதன்’ என்று தான் நினைத்ததாக அங்கிருந்த ஆண் ஊழியர் சொன்னார். கிறிஸ்டின் என்மார்க் என்ற ஊழியர் உள்ளேயிருந்தே பிரதமர் ஓலாஃப் பால்மேயுடன் தொலைபேசியில் பேசி, கொள்ளையர்களோடு தங்களைப் போக விடும்படி வாதாடினார். அவர் பயந்தது போலீஸ் தாக்குதலுக்குத்தான். கடைசியில் கண்ணீர்ப்புகை விட்டு முற்றுகையை முடித்தபோது, நாங்கள் முதலில் வெளியேறினால் இவர்களைச் சுட்டுவிடுவீர்கள் என்று பணயக்கைதிகள் முன்னால் வர மறுத்தார்கள்.

காவல்துறைக்கு ஆலோசகராக இருந்த மனநல மருத்துவர் நில்ஸ் பெஜரோட், பணயக்கைதிகள் தங்களைப் பிடித்தவர்கள் பக்கமே சாயும் இந்தப் போக்குக்குச் சூட்டிய பெயர் உலகெங்கும் பரவி, இன்று ‘ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம்’ என்று எல்லோர் வாயிலும் புழங்குகிறது. என்மார்க் அந்தப் பெயரை ஏற்கவே இல்லை. தான் மனம் பேதலித்துப் பேசவில்லை, உயிர் பிழைக்க எது வழியோ அதைச் செய்ததாகத்தான் பிற்காலத்திலும் சொல்லிவந்தார். திரைப்படங்களோ இதைப் பணயக்கைதிப் பெண் கொள்ளையன்மீது காதல் கொள்வதாகச் சுருக்கிவிட்டன. அவன் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கிறான், மெதுவான பாட்டு ஒன்று வருகிறது, முடிந்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நடைமுறை சரியாக இருப்பதாலேயே படம் நன்றாகிவிடாது; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உள்ளே இருப்பவர்கள் யாரை நம்புவது, யாரோடு ஒத்துப்போவது, யாரைக் காட்டிக்கொடுப்பது என்று தவிக்கும் மனிதர்களாக இருந்தால், வெளியே நடக்கும் ஒவ்வொரு நடைமுறைக்கும் விலை வந்துவிடும். சாப்பாடு வருவதற்காக ஒருவரை வெளியே விடலாம் என்றால், அந்த ஒருவர் யார்? அதை யார் முடிவு செய்வது? கெடுநேரம் சொன்ன அந்தப் பொட்டலத்தின் பின்னால் இருக்கும் உண்மையான நாடகம் இதுதான்.

பதில்: கடைசிரீல்

எல்லோரும் நாசூக்காகப் பேசுகிறீர்கள். பெயர் சொல்லாவிட்டாலும், கதாநாயகரைப் பேசாமல் இந்தப் படத்தின் தோல்வியைப் பேச முடியாது. பெரிய நடிகர் கொள்ளையனாக வருகிறார். அவர் ஒரு கர்ப்பிணியைச் சுட மாட்டார் என்பது நுழைவுச்சீட்டு வாங்கும்போதே நமக்குத் தெரியும். சுடாதவன் கையில் இருக்கும் துப்பாக்கி கதையில் எதற்கு? பணயக் கதையின் ஒரே முதலீடு அந்த மிரட்டல்தான். அதை முதல் நாளே செலவழித்துவிட்டு மீதி நேரத்தைக் கடனில் ஓட்டுகிறார்கள்.

அந்தக் கடந்த காலக் காட்சிகள் வருவதும் இதனால்தான். கதாநாயகர் திருடக் கூடாது. ஆகவே திருட்டுக்கு ஒரு நியாயம் வேண்டும். நியாயம் வந்துவிட்டால் வங்கி முதலாளி வில்லனாகிறார், கொள்ளை தீர்ப்பாகிறது, பணயக்கைதிகள் கைதட்டும் கூட்டமாகிறார்கள். அந்த மூச்சிரைப்பு நோயாளியே எழுந்து நின்று ‘நீங்கள் செய்தது சரிதான் தம்பி’ என்று சொல்லும்போது, திரையரங்கில் சிலர் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வது, கொஞ்ச நேரம் முன்புதான் அவருடைய மருந்தைக் கொடுக்க மறுத்து மிரட்டியிருந்தார்கள்.

வெட்டும்ஒட்டும் குறிப்பிட்ட லூமெட் படத்திலும் கொள்ளைக்குக் காரணம் உண்டு. தன் துணையின் பாலின மாற்று அறுவைச் சிகிச்சைக்குப் பணம் வேண்டும் என்பதற்காக அவன் வந்திருக்கிறான் என்பது படம் வெகுதூரம் போன பிறகுதான் தெரிகிறது. ஆனால் அது அவனைப் புனிதனாக்குவதற்காகச் சொல்லப்படவில்லை. அந்தத் துணையையே போலீஸ் அழைத்துவந்து தொலைபேசியில் பேச வைக்கிறது. பேச்சில் தெரிவது, துணை அவனைக் கண்டு பயந்து விலகியிருந்தார் என்பது. காரணம் தெரியத் தெரிய மனிதன் இன்னும் குழப்பமானவனாகிறான். நம் படத்தில் காரணம் தெரிந்ததும் மனிதன் சிலையாகிவிடுகிறான். கடந்த காலத்தைக் காட்டுவதா கூடாதா என்பதல்ல பிரச்சினை. காட்டிய பிறகு நிகழ்காலத்தில் ஏதாவது மோசமாகிறதா என்பதே.

இரவுக்காட்சி:

கடைசிரீல் சொன்னது நான் வாய்விட்டுச் சொல்லத் தயங்கியது. ஒரே ஒரு விஷயம் மிச்சமிருக்கிறது: அந்தத் திருப்பம். பணயக்கைதிகளில் ஒருவர் கூட்டாளி என்பது தன்னளவில் மோசமான யோசனை அல்ல. முற்றுகைக் கதையில் அதற்கு இடம் உண்டு. இருந்தும் அது வெளிப்பட்டபோது வியப்புக்குப் பதில் எரிச்சல்தான் வந்தது. ஏன்?

பதில்: வெட்டும்ஒட்டும்

ஏனென்றால் அந்தத் திருப்பத்துக்காகப் படம் நம்மிடம் பொய் சொல்லியிருக்கிறது. மறைப்பது வேறு, பொய் சொல்வது வேறு. ஸ்பைக் லீ 2006இல் எடுத்த ‘இன்சைட் மேன்’ படத்தில் கொள்ளையர்கள் எல்லாப் பணயக்கைதிகளுக்கும் தங்களைப் போலவே ஒரே மாதிரி உடையும் முகமூடியும் மாட்டிவிடுகிறார்கள். முற்றுகை நடந்துகொண்டிருக்கும்போதே, அது முடிந்த பிறகு வெளியே வந்தவர்களைப் போலீஸ் விசாரிக்கும் காட்சிகளைப் படம் நடுவில் சொருகுகிறது. வெளியே வந்துவிட்டார்கள் என்பது முன்கூட்டியே நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஆகவே உயிர் பிழைப்பார்களா என்ற கேள்வியின் கூர்மை மழுங்குகிறது. அந்த இடத்தில் வேறொரு கேள்வி வந்து உட்காருகிறது: இந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் பணயக்கைதியா, கொள்ளையனா? விசாரிப்பவருக்கும் அதே குழப்பம், நமக்கும் அதே குழப்பம். சந்தேகப்பட வேண்டும் என்று படமே நம்மிடம் சொல்லிவிடுகிறது. அதன் பிறகும் ஏமாற்றினால் அது திறமை.

இப்போது நம் படத்தின் கூட்டாளியைப் பாருங்கள். நடுத்தர வயது மனிதர், கணக்கு தொடங்க வந்தவர். பாதியில் ஒரு காட்சியில் அவரைக் கழிப்பறைக்கு அழைத்துப் போகிறார்கள். அழைத்துப் போனவன் வெளியே நிற்கிறான், கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே அவர் தனியாக. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கிறார், கை நடுங்குகிறது, குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார். அவர் கொள்ளையரின் ஆள் என்றால் அந்த அழுகையைப் பார்க்க அங்கே யாரும் இல்லை. வெளியே நிற்பவன் அவருடைய சகா. அவனை ஏமாற்ற வேண்டிய தேவையும் இல்லை. அவர் அழுதது நம்மை நம்பவைக்க மட்டுமே. கேமரா அங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

அதே காட்சியைச் சாத்திய கதவுக்கு இந்தப் பக்கமிருந்து எடுத்திருந்தால் போதும். உள்ளே குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம், வெளியே கடிகாரத்தைப் பார்த்தபடி காவலுக்கு நிற்பவன், கொஞ்சம் நேரம் கழித்து ஈர முகத்தோடு வெளியே வரும் மனிதர். முதல்முறை பார்ப்பவர் அவர் அழுதுவிட்டு வருகிறார் என்று எண்ணிக்கொள்வார். இரண்டாம்முறை பார்ப்பவர், அந்த இருவரும் ஏன் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்க்கவில்லை என்று கவனிப்பார்.